விரிசலண்ணன் வரையாத விரிசல்

முதல் நாளே அவரைத் திட்டினேன். திட்டுவதுதான் என் வேலை. நேற்று எடுத்த காட்சியில் கதாநாயகியின் இடது தோளில் தொங்கிய பை இன்று வலது தோளுக்கு மாறியிருந்தால், "நேத்து இப்படி இல்லையே!" என்று கத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கன்டினியூட்டி என்று அதற்குப் பெயர். ஆனால் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. லைட்மேன் முதல் டைரக்டர் வரை எல்லோருக்கும் நான் 'நேத்து அக்கா'. டைரக்டர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வெட்கம் கெட்ட மனுஷன்.

அன்று காலை அந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு எதிரே காமிராவோடு போய் நிற்கிறேன், வாசலுக்கு மேலே சுவர் வாயைப் பிளந்திருக்கிறது. சாரத்தின் மேல் ஓர் ஆள் உட்கார்ந்து சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு எங்கிருந்துதான் வருமோ அந்தக் கோபம்.

"யோவ், சாரத்தை எதுல இழுத்துக் கட்டினீங்க? சுவரே விரிசல் விட்டுடுச்சு! கட்டடத்துக்காரங்க வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?"

அவர் டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். ஒல்லி உடம்பு, கறுப்பும் பழுப்பும் ஏறிய நகங்கள், காதில் செருகிய ஒற்றைப் பிரஷ். கட்டைவிரலை எச்சில் தொட்டு, எட்டி விரிசலின் கீழ் நுனியில் ஒரு இழு இழுத்தார். அந்த இடத்தில் விரிசலைக் காணோம்.

"விரிசல் விடத்தாம்மா என்னைக் கூப்பிட்டிருக்காங்க," என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு மானமே போயிற்று. அன்றிலிருந்து அவர் எனக்கு விரிசலண்ணன். இப்போது அவர் இருந்திருந்தால் இதை என்னைச் சொல்ல விட்டிருக்க மாட்டார். "போதும் தங்கச்சி, என்னைப் பத்தி என்ன பெரிய கதை," என்று பேச்சை மாற்றியிருப்பார்.

நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு தொலைக்காட்சித் தொடர். ஒரு வீடியோ கேமை அப்படியே தொடராக்கினார்கள். வானத்திலிருந்து சாம்பல் இறங்கி, அதைச் சுவாசித்தவர்களெல்லாம் செத்து, மிச்சம் இருக்கிற பத்து இருபது பேர் பாழடைந்த நகரத்தில் ஒளிந்து ஒளிந்து வாழ்கிற கதை. கோடிக்கணக்கான பேர் அதை விளையாடியிருக்கிறார்களாம். நான் ஒரு தடவை முயன்றேன். மூன்றாவது நிமிஷத்தில் செத்துப்போய் ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்த விளையாட்டில் ஏழாம் நம்பர் கட்டடம் என்று ஒன்று வரும். அதன் முகப்பில் ஒரு பெரிய விரிசல். இரண்டாம் மாடி ஜன்னலின் இடது மூலையில் தொடங்கி, கோணிக் கோணி இறங்கி, வாசலுக்கு மேலே இரண்டாகப் பிரியும். வலது கிளை முடிகிற இடத்துக்குக் கீழே ரகசிய அறை. விளையாடின எல்லோருக்கும் அந்த விரிசல் மனப்பாடம். அதனால் விளையாட்டுக் கம்பெனியிலிருந்து ஒருவரை அனுப்பிவைத்தார்கள். கேம்காரர் என்போம். மடியில் கம்ப்யூட்டர், கையில் ரிமோட், நாள் முழுக்க விளையாட்டு. வேலையென்று சொல்லிக்கொண்டு விளையாடச் சம்பளம் வாங்கின ஒரே ஆளை நான் அங்கேதான் பார்த்தேன். திடீரென்று திரையை நிறுத்தி, "கிளை இன்னும் நாலு விரல் மேல பிரியணும், ஃபேன்ஸ் விட மாட்டாங்க," என்பார். விரிசலண்ணன் மறுபேச்சு இல்லாமல் அழித்துவிட்டு மறுபடி வரைவார்.

அவர் சினிமாவுக்கு வந்தே மூன்று வருஷம்தான். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் வீடுகளுக்கு வெள்ளையடித்தவர். குடித்தனக்காரர் காலி பண்ணிப் போன வீட்டில், புதிதாக வருகிறவர் கண்ணில் படுவதற்குள் சுவரைச் சரிசெய்வதில் கெட்டிக்காரர். விரிசலைச் சுரண்டி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டால், கட்டினவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஏதோ ஒரு படத்துக்கு செட் போட்டபோது பாழ் வீடு வரைய ஆள் கிடைக்காமல் இவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இத்தனை வருஷம் மூடிய விரிசல்களெல்லாம் கையில் இருந்திருக்கும் போல, வரைந்து தள்ளிவிட்டார். ஒரு ஓரத்துக்கு மெல்லிய வெளிச்சக் கோடு, மறு ஓரத்துக்குக் கறுப்பு, நடுவில் கொஞ்சம் சிமெண்ட் தூள். பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் விரலை உள்ளே விடலாம் போலத் தோன்றும்.

"சுவர்ல ரெண்டு வகை இருக்கு தங்கச்சி," என்று ஒருநாள் சாரத்தில் உட்கார்ந்தபடி சொன்னார். "தூங்குற விரிசல், முழிச்ச விரிசல். தூங்குறது பூச்சோட நிக்கும், நூறு வருஷம் ஆனாலும் ஒண்ணும் பண்ணாது. முழிச்சது நடக்கும். வீட்டுக்காரங்க ரெண்டையும் மூடத்தான் சொல்லுவாங்க."

"நீங்க மூடிட்டு வந்துடுவீங்களா?"

"மூடிட்டு, வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு வருவேன். கேக்குறதும் கேக்காததும் அவங்க இஷ்டம்."

அந்தக் கட்டடத்தைப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். லொகேஷன் பார்க்கிறவர்கள் ஏழாம் நம்பர் மாதிரியே ஒரு கட்டடம் தேடி நாய் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தபோது, "எங்க அக்கா குடியிருக்கிற வீடு அச்சு அசல் இதேதான்," என்று வாயை விட்டிருக்கிறார். பிறகு பலமுறை அதற்காகத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

அக்கா இரண்டாம் மாடியில், பின்பக்க வீட்டில் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. அந்த மாதம் முழுக்க இரவு டியூட்டி. காலையில் வந்து, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை தூங்குவார். தம்பிக்கு முதல் வேலையே அக்கா வாங்கிக் கொடுத்ததுதான், ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு வெள்ளையடிக்கிற வேலை. படப்பிடிப்பு தொடங்கின அன்று கீழே வந்து சுவரைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏன்டா, ஊர் வீட்டையெல்லாம் அழகு பண்ணிட்டு, அக்கா வீட்டை மட்டும் சுடுகாடு ஆக்கிட்டியே. நல்லா இருப்படா நீ."

"முடிஞ்சதும் தொடைச்சுக் கொடுத்துடுவேன்க்கா. புதுசா அடிச்சே தர்றோம்னு சொல்லியிருக்காங்க."

"இரு, உன் வீட்டுச் சுவர்ல வந்து நான் ஒரு ஆணி அடிக்கிறேன்." சொல்லிவிட்டு அக்கா தம்பி காதிலிருந்த பிரஷ்ஷை எடுத்து அவர் மண்டையிலேயே ஒரு தட்டு தட்டினார். ஐம்பது வயதை நெருங்குகிற ஆள், பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

கட்டடத்தில் மொத்தம் பதினோரு குடும்பம். எல்லோரும் உள்ளேயே இருக்கலாம், முன்பக்கம் துணி காயப்போடக் கூடாது, ஜன்னலில் தலை நீட்டக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். தரைத்தளத்தில் காலியாகக் கிடந்த இரண்டு கடைகளையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. இரண்டாவது வாரம் காமிரா தள்ளிக்கொண்டு போகிற ட்ராலிக்கு இடம் போதவில்லை என்று இரண்டு கடைகளுக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்தார்கள். வெறும் தடுப்புச் சுவர்தான் என்று செட் மேஸ்திரி சொன்னார். விரிசலண்ணன் அப்போது அங்கே இல்லை, வேறொரு தெருவில் பஸ் நிறுத்தத்துக்குத் துருப்பிடிக்க வைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து அந்த வெளியைப் பார்த்தவர், தரையில் நின்று மேலே கூரையையே வெகுநேரம் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. எனக்குத் தலைக்கு மேல் வேலை. என்ன என்று கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து, காலை ஷாட்டுக்கு முன்னால் படங்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் அதே இடத்தில் நின்று அதே அளவில் சுவரைப் படம் எடுப்பது என் வழக்கம். விரிசலின் இடது கிளை நேற்று வாசல் சட்டத்துக்கு ஒரு சாண் மேலே நின்றிருந்தது. இன்று சட்டத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

"அண்ணே! நேத்து இப்படி இல்லையே! யாரைக் கேட்டு இதை இழுத்தீங்க?"

"நான் தொடலையேம்மா."

"பின்னே நானா வந்து வரைஞ்சேன்?"

அவர் ஏணியைச் சாய்த்து ஏறினார். கட்டைவிரலை எச்சில் தொட்டுத் தேய்த்தார். விரல் அழுக்கானது, விரிசல் போகவில்லை. மறுபடியும் தேய்த்தார். பிறகு காதைச் சுவரில் வைத்து, விரல் முட்டியால் மெல்லத் தட்டினார். திரும்பினபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"இது என்னுது இல்ல தங்கச்சி."

பின்னால் கேம்காரர், "இடது கிளை இவ்வளவு நீளம் கிடையாது," என்று ஆரம்பித்துவிட்டார். டைரக்டர் மைக்கில் கத்துகிறார். கதாநாயகி சாம்பல் பூசிக்கொண்டு வெயிலில் நிற்கிறாள். பத்து நிமிஷத்தில் ஷாட். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் வேலையைச் செய்தேன்.

"அண்ணே, அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். இப்போ நேத்து இருந்த மாதிரி மூடிடுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பட்டியைக் குழைத்தார். உலகத்தில் அவரைவிடச் சுத்தமாக விரிசலை மூடத் தெரிந்தவர் கிடையாது. ஐந்தே நிமிஷம். சுவர் நேற்று இருந்த மாதிரியே ஆகிவிட்டது. நான் படம் எடுத்து, நோட்டில் 'சரி' என்று எழுதிக்கொண்டேன்.

அந்த 'சரி' இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது. விசாரணைக்கு வந்தவர்கள் படங்களோடு நோட்டையும் வாங்கிப் போனார்கள். அந்தப் பக்கத்தைக் காட்டி, இது யார் கையெழுத்து என்று கேட்டார்கள். என்னுது என்றேன்.

மூடின மறுநாள் பட்டியை மீறி அந்த விரிசல் மறுபடி தெரிந்தது. விரிசலண்ணன் மறுபடி மூடினார். அன்று சாயங்காலம் கடைக்குள்ளே, காமிரா பார்க்காத மூலையில் தெரிந்த இன்னொரு விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், நகராவிட்டால் அப்படியே இருக்கும் என்றார். மறுநாள் காலை என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினார். கண்ணாடி நடுவில் பிளந்து கிடந்தது.

அதன் பிறகு அவர் போகாத இடம் இல்லை. கட்டடச் சங்கத்துச் செயலாளரிடம் போனார். ரிட்டயர்டு ஆசாமி, எதற்கெடுத்தாலும் சிரிப்பார். "வரைஞ்சதே நீங்க, அதைப் பார்த்துப் பயப்படுறதும் நீங்களா? நல்ல கூத்து," என்று தோளில் தட்டி அனுப்பினார். கம்பெனி மேனேஜரிடம் போனார். அவர் செட் மேஸ்திரியைக் கேட்கச் சொன்னார், மேஸ்திரி தடுப்புச் சுவர்தான் என்று மறுபடியும் சொன்னார். கடைசியில் நகராட்சிக்கே எழுதிப் போட்டு ஒரு என்ஜினியரை வரவழைத்தார். அந்த மனிதர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். சுவர் முழுக்க நாற்பது விரிசல். ஒன்றைச் சுரண்டினார், பெயின்ட். இன்னொன்றைச் சுரண்டினார், அதுவும் பெயின்ட். விரிசலண்ணன் அவரை ஏணியில் ஏற்றி, விரலைப் பிடித்து வாசலுக்கு மேலே வைத்தார். காலையில்தான் பட்டி பூசி வண்ணம் அடித்த இடம். அவர் விரலை முகர்ந்து பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பெயின்ட் இன்னும் காயலையே சார். பிரமாதமா பண்ணியிருக்கீங்க. எங்க வீட்ல எல்லாரும் இந்தக் கேம்தான் ஆடுவாங்க."

"உள்ள வந்து கடையைப் பாருங்க சார்," என்று கெஞ்சினார். உள்ளே ஷாட் ஓடிக்கொண்டிருந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. என்ஜினியர் அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு மேல் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அன்றே விரிசலண்ணன் என்னிடம் வந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உன்கிட்ட இருக்கிற படமெல்லாம் கொடு தங்கச்சி. தினமும் எடுத்திருக்கே. தேதி இருக்கு. அது எப்படி நடந்து வந்திருக்குன்னு ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். ஆபீஸுக்கே போய் மேசைமேல வச்சுட்டு வர்றேன்."

தொடரின் ஒரு படம்கூட வெளியே போகக் கூடாது. போனால் வேலை போய்விடும், வழக்கும் போடுவார்கள், அதற்கென்று பதினாறு பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதைச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமையோட இந்தச் சுவர்ல நமக்கு வேலை முடியுதுண்ணே. முடிஞ்ச நிமிஷம் நானே உங்ககூட வர்றேன். நானே காட்டுறேன். சத்தியமா."

"இன்னைக்குப் புதன்," என்றார்.

"ரெண்டு நாள்தானேண்ணே."

நான் பயந்தாங்கொள்ளி. இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம் ஒன்றுதான் அன்று என் மண்டையில் இருந்தது, அவர் அக்காவும் அந்தப் பதினோரு குடும்பமும் இல்லை.

அக்காவிடமும் அவர் போய் நின்றார். கூடவே நானும் போனேன். தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்த அக்கா, தம்பி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு காதின் பஞ்சை எடுத்தார்.

"என்ன சொன்னே? மறுபடி சொல்லு."

"என் வீட்டுக்கு வந்துடுக்கா. ஒரு பத்து நாள் இரு. அவ்வளவுதான்."

"உன் வீட்லேர்ந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் தெரியுமா? ரெண்டு பஸ் மாறணும்டா." தம்பியின் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, குரல் இறங்கிவிட்டது. "சரி, மூஞ்சியை இப்படி வச்சுக்காதே. வெள்ளிக்கிழமை ராத்திரியோட டியூட்டி முடியுது. சனிக்கிழமை காலைல பையோட உன் வீட்ல இருப்பேன். போதுமா? இப்போ என்னைத் தூங்க விடு."

சனிக்கிழமை. படியிறங்கும்போது அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை எடுக்க வேண்டியது பெரிய காட்சி. சாம்பல் இறங்கின முதல் நாள், ஏழாம் நம்பர் கட்டடத்திலிருந்து ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடிவர வேண்டும். வெளியாட்கள் எதற்கு, குடியிருக்கிறவர்களே நடிக்கட்டும் என்று டைரக்டருக்கு யோசனை. அவர்களுக்கா கசக்கும்! பகலில் வீட்டில் இருக்கிறவர்களில் முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்தார்கள். பட்டியல் என் கையில். அக்கா மட்டும், எனக்குத் தூக்கம் போதும் என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை ஒத்திகை. உதவி டைரக்டர் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "ஆக்ஷன்னு கேட்டாத்தான் கிளம்பணும். அதுக்கு முன்னாடி யாரு என்ன கத்தினாலும் அசையக் கூடாது. படியில இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் நடைபாதைல குப்புற விழணும். கண்ணை மூடிக்கணும். வெடிச் சத்தம் வரும், புகை வரும், தூசி வரும், எதுக்கும் தலையைத் தூக்கக் கூடாது. கட்னு சொல்ற வரைக்கும் நீங்க எல்லாரும் பிணம். ஒருத்தர் அசைஞ்சாலும் மறுபடி முதல்லேர்ந்து."

ஒன்பது தடவை ஓடவிட்டார். ஒன்பதாவது தடவை அவ்வளவு அழகாக விழுந்தார்கள். செயலாளர் விழுந்த விதத்துக்குக் கைதட்டலே கிடைத்தது.

வெள்ளிக்கிழமை. மதியம் பன்னிரண்டரை. டைரக்டரும் காமிராக்காரரும் தெருமுனைக் கூடாரத்தில் லென்ஸ் பற்றித் தகராறு பண்ணிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொரு பேரும் அவரவர் வீட்டில், மாடிப்படியில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். உதவி டைரக்டர் ஒலிபெருக்கியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கூடாரத்துக்கு ஓடினார். காமிரா இன்னும் ஓடவே இல்லை.

விரிசலண்ணன் வாசலுக்கு மேலே ஏணியில் நின்றுகொண்டிருந்தார். கையில் சுரண்டுகிற தகடு. காலையில் பூசின பட்டியைச் சுரண்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணே! என்ன பண்றீங்க? இன்னும் பத்து நிமிஷத்துல ஷாட்! உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

அவர் கையை விரிசலுக்குள் விட்டார். மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று.

அப்போது உள்ளேயிருந்து, பெரிய துணியைக் கிழிக்கிறாற்போல நீளமாக ஒரு சத்தம் வந்தது. அவர் ஏணியிலிருந்து குதித்தார். வாசலில் நின்று மேலே பார்த்துக் கத்தினார். "எல்லாரும் வெளியே வாங்க! கட்டடம் விழப்போகுது! ஓடி வாங்க!"

ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. யாரோ சிரித்தார்கள். முதல் மாடியிலிருந்து செயலாளர், "அண்ணே, ஆக்ஷன் சொல்லலையே!" என்றார். படியில் உட்கார்ந்திருந்தவர்கள் விரிசலண்ணனைப் பார்த்தார்கள், ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. "அசையாதீங்க, சோதிக்கிறாங்க," என்று ஒரு பெண் மற்றவர்களிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் தண்ணீர். "தங்கச்சி, நீ சொல்லு! நீ சொன்னாத்தான் வருவாங்க!"

ஒலிபெருக்கியை வாயில் வைத்தேன்.

"ஆக்ஷன்!"

ஐயோ, எப்படி ஓடி வந்தார்கள்! ஒத்திகையில் சொன்ன மாதிரியே, ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு, பொய்யாக அலறிக்கொண்டு. குறுகல் படி அது. அவர் மேலே ஏறப் பார்த்தார், முடியவில்லை. படியடியில் நின்று வருகிறவர்களை ஒவ்வொருவராக இழுத்து வெளியே தள்ளினார். நான் எண்ணினேன். எண்ணத்தானே தெரியும் எனக்கு. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. கடைசியாகச் செயலாளர், கையை விரித்துக்கொண்டு.

"முப்பத்தொண்ணு! எல்லாரும் வந்தாச்சுண்ணே, வாங்க!"

"அக்கா உன் லிஸ்ட்ல இல்ல," என்றார். படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

ஒரு நிமிஷமோ, இரண்டு நிமிஷமோ. படிக்கட்டு இருந்த பக்கம் முழுவதும் ஒரே மூச்சில் உள்வாங்கிக்கொண்டு இறங்கியது. சத்தம் காதை அடைத்தது. தூசி தெருவை மூடியது. எதிரே இருப்பது எதுவும் தெரியவில்லை. நான் நடைபாதைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

தூசி கொஞ்சம் விலகினபோது, நடைபாதையில் முப்பத்தொரு பேர் வரிசையாகக் குப்புறக் கிடந்தார்கள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, முதுகெல்லாம் சாம்பல் நிறத்தில். ஒரு விரல்கூட அசையவில்லை.

பக்கத்துச் சந்திலிருந்து அக்கா வந்தார். நைட்டி, வெறுங்கால், ஒரு காதில் மட்டும் பஞ்சு. அவர் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை ஆள் இறங்குகிற இரும்பு ஏணிப்படி ஒன்று இருந்தது.

"என்னை முன்னாடி இறக்கிவிட்டான். அது ரெண்டு பேரைத் தாங்காதுன்னான். நீ கீழே போ, வர்றேன்னான்," என்றார். என்னிடம் சொல்கிறாரா, வேறு யாரிடமாவது சொல்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு கீழே கிடந்தவர்களைப் பார்த்தார். ஓடிப்போய் முதலில் கிடந்த ஆளின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எந்திரிங்க! என் தம்பி உள்ள இருக்கான்! வந்து கல்லைத் தூக்குங்க, ஐயா, எந்திரிங்க!"

அந்த ஆள் அசையவில்லை. அடுத்தவரை உலுக்கினார். அடுத்தவரை. பதினைந்து வருஷமாக ஒரே படியில் ஏறி இறங்கினவர்கள். ஒவ்வொருவரையும் முறை வைத்துக் கூப்பிட்டார், அண்ணே என்றார், மதினி என்றார். எதிர்வீட்டுப் பெண் கண்ணைத் திறக்காமல், உதட்டை மட்டும் அசைத்துக் கிசுகிசுத்தாள்.

"அக்கா, பேசாதீங்க. காமிரா ஓடிட்டிருக்கு. கட் சொன்னதும் வர்றேன்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒலிபெருக்கி என் கையில்தான் இருந்தது. தூக்கினேன்.

"கட்."

எல்லோரும் எழுந்தார்கள். தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். செயலாளர் முழங்கையைத் தேய்த்தபடி முதல் ஆளாக என்னிடம் வந்தார், கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"இந்தத் தடவை ஓகேதானே மேடம்?"